மூதூருக்கு எந்த லொறி? வழித்தடக் கணக்கின் உள்ளே

1959ஆம் ஆண்டு ஜோர்ஜ் டான்ட்சிக், ஜோன் ராம்சர் ஆகிய இருவரும் ‘மேனேஜ்மென்ட் சயன்ஸ்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓரிடத்தில் எரிபொருள் களஞ்சியம் இருக்கிறது. அங்கிருந்து பல பெற்றோல் செட்டுகளுக்குப் பவுசர்கள் போக வேண்டும். ஒவ்வொரு பவுசரும் இவ்வளவுதான் கொள்ளும் என்று ஓர் அளவு உண்டு. எந்தப் பவுசர் எந்தெந்த செட்டுக்கு, எந்த ஒழுங்கில் போனால் மொத்தம் ஓடும் தூரம் குறையும்? இன்று பார்சல் கம்பனிகள், பால் லொறிகள், மருந்து விநியோகம், பாடசாலை வான்கள் எல்லாம் பயன்படுத்தும் வழித்தடக் கணக்கு இந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது.

திருகோணமலையில் இருப்பவருக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் தேவையில்லை. சீனக்குடா எண்ணெய்க் குதங்களிலிருந்து பவுசர்கள் புறப்படுவதைத் தினமும் பார்க்கிறோம். நம் நாட்டுப் பவுசர்களில் எரிபொருள் 6,600 லீற்றர் மடங்குகளில் ஏறும். உள்ளே தனித்தனி அறைகள். ஓர் அறையில் டீசல் இருந்தால் அதே அறையில் பெற்றோல் விட முடியாது. ஒரு செட்டில் டீசல் தீர்ந்துவிட்டது, பக்கத்து செட்டில் இரண்டும் குறைவு, மூன்றாவது செட்டின் நிலத்தடித் தாங்கியில் 6,600 கொள்ள இடமில்லை. இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தாலே 1959இன் கேள்வியைவிட ஒரு படி கடினமான கேள்விக்குள் வந்துவிடுவோம். அதை யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் தொலைபேசியும் கொப்பியுமாகத் தீர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த வேலைக்குக் கணிதம் உண்மையிலேயே பெரிய துணை. ஆனால் அதன் பலன் மென்பொருளை வாங்குவதால் வருவதில்லை. எதை எண்ண வேண்டும் என்று உட்கார்ந்து ஓர் அட்டவணை எழுதுவதில்தான் முக்கால்வாசிப் பலன் இருக்கிறது. அந்த அட்டவணைக்கு வேண்டிய அறிவு ஏற்கெனவே திருமலையில் இருக்கிறது, எழுதப்படாமல்.

முதலில், இது ஏன் கடினம்? ஒரு லொறி 10 கடைகளுக்குப் போக வேண்டும் என்றால் போகக்கூடிய ஒழுங்குகள் 36 இலட்சத்துக்கு மேல். கொம்பியூட்டருக்கு இது ஒன்றுமே இல்லை. 20 கடை என்றால், ஒரு செக்கனில் நூறு கோடி ஒழுங்குகளைச் சரிபார்க்கும் இயந்திரத்துக்கும் ஏறத்தாழ 77 வருடம் வேண்டும். 25 கடைக்கு ஏறத்தாழ 49 கோடி வருடம். இத்தனைக்கும் இது ஒரே ஒரு லொறி. எந்தக் கடையை எந்த லொறியில் ஏற்றுவது என்ற கேள்வி இன்னும் வரவே இல்லை. 1972இல் ரிச்சர்ட் கார்ப் இந்த வகைக் கணக்குகள் பலவற்றை ஒன்றாகக் கட்டிக் காட்டினார்: ஒன்றுக்கு வேகமான பொதுவழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். இன்றுவரை ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு வழியே இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை.

இதைக் கேட்டுக் கைவிட வேண்டியதில்லை. டான்ட்சிக், ஃபல்கர்சன், ஜோன்சன் மூவரும் 1954இலேயே அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடித்து, அதைவிடக் குறுகியது இல்லை என்றும் நிரூபித்துவிட்டார்கள். ஒவ்வொரு ஒழுங்கையும் பார்த்து அல்ல. ‘எந்தப் பாதையும் இந்த அளவுக்குக் கீழே வர முடியாது’ என்று கீழிருந்து ஒரு கோட்டை உயர்த்திக்கொண்டே போனார்கள். கையில் இருக்கும் பாதையின் நீளத்தை அந்தக் கோடு தொட்டதும் வேலை முடிந்தது. அந்த வழியில் நடந்து 2006இல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்கைத் தீர்த்தார்கள். ஆனால் பல லொறி, கொள்ளளவு என்று வந்ததும் நிலைமை மாறுகிறது. சில நூறு கடைகளைத் தாண்டினால் ‘இதுதான் ஆகச் சிறந்தது’ என்று நிரூபிப்பது இன்றைக்கும் பெரும்பாடு.

ஆகச் சிறந்ததை விட்டு, நல்ல விடையைத் தேடுவதுதான் நடைமுறை. அந்தக் கீழ்க்கோடு அப்போதும் உதவும். நம் விடை அதிலிருந்து நூற்றுக்கு இரண்டு தள்ளி நிற்கிறது என்று தெரிந்தால் அதற்கு மேல் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு முப்பது தள்ளி நின்றால் இன்னும் தேடிப் பார்க்க இடமிருக்கலாம்.

இனி அட்டவணைக்கு வருவோம். வழித்தடக் கணக்கு எதுவானாலும் அது முதலில் கேட்பது ஒவ்வோர் இடத்திலிருந்தும் மற்ற ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை. பாடப்புத்தகத்தில் இதற்கு நேர்கோட்டுத் தூரம் எடுப்பார்கள். குருநாகல் பக்கம் அது ஓரளவு சரிவரலாம். திருகோணமலையில் அது பொய் சொல்லும். மூதூர் கொட்டியாரக்குடாவுக்கு அப்பால், நகரத்திலிருந்து நேர்கோட்டில் 15 கிலோமீற்றரும் இல்லை. வீதியால் போனால் சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியாப் பாலம் என்று சுற்றி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கிண்ணியாவும் அப்படியே, நேர்கோட்டில் பார்த்தால் கூப்பிடு தூரம்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதைதான். அப்போதைய அட்டவணையில் கிண்ணியாவுக்கான எண் தூரமே அல்ல, காத்திருக்கும் நேரம். பாதை எப்போது வரும், வரிசையில் எத்தனை வாகனம் நிற்கிறது என்பதுதான் பயணத்தைத் தீர்மானித்தது. 396 மீற்றர் பாலம் ஒன்று வந்ததும் கிண்ணியாவின் எண் மட்டுமல்ல, அதைத் தாண்டித் தெற்கே மூதூர்ப் பக்கம் போகும் பயணங்களின் எண்களும் மாறின. ஒரு பாலம் என்ன செய்யும் என்று ஒரு கணிதக்காரரிடம் கேட்டால், அட்டவணையில் எத்தனை கட்டங்கள் மாறின என்று காட்டுவார். அந்தக் காலத்தில் நோயாளியோடு கரையில் காத்து நின்றவர்களுக்கு எந்த அட்டவணையும் தேவைப்படாது.

சரி, அட்டவணை கையில் இருக்கிறது என்று வைப்போம். இங்கிலாந்தில் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் ஒன்றின் லொறிகளுக்காக கிளார்க், ரைட் என்ற இருவர் 1964இல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. டான்ட்சிக்கும் ராம்சரும் தந்ததைவிட நல்ல விடை தரும், கொப்பியிலேயே செய்யலாம். எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த விஷயம் இதுதான்.

நகரத்தில் ஒரு மொத்தக் கடை. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய் ஆகிய ஆறு இடத்துக்கும் சாமான் போக வேண்டும். கணக்குக்காகத் தூரங்களை முழு எண்ணாக்கிக்கொள்கிறேன்: நகரத்திலிருந்து நிலாவெளி 15, குச்சவெளி 35, கிண்ணியா 20, மூதூர் 35, தம்பலகாமம் 25, கந்தளாய் 40 கிலோமீற்றர். ஒவ்வோர் ஊருக்கும் தனி லொறி போய் வந்தால் மொத்தம் 340 கிலோமீற்றர். இது ஆக மோசமான திட்டம். இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது ஏதாவது இரண்டு ஊர்களை ஒரே லொறியில் சேர்த்தால் என்ன மிச்சம்? முதல் ஊரிலிருந்து வெறுமனே திரும்பி வரும் பயணமும், இரண்டாவது ஊருக்கு நகரத்திலிருந்து போகும் பயணமும் இல்லாமல் போகின்றன. பதிலுக்கு இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரம் சேர்கிறது. ஆக, நகரத்திலிருந்து இரண்டு ஊருக்குமுள்ள தூரங்களைக் கூட்டி, இடைத்தூரத்தைக் கழித்தால் மிச்சம் தெரியும். தம்பலகாமம், கந்தளாய் இரண்டுக்கும் இடையே 15 என்று வைத்தால் 25 + 40 − 15 = 50. கிண்ணியா, மூதூர் இடையே 15 என்றால் 20 + 35 − 15 = 40. நிலாவெளி, குச்சவெளி: 15 + 35 − 20 = 30. நிலாவெளி, கிண்ணியா: 15 + 20 − 35 = 0.

கடைசி எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். நிலாவெளியையும் கிண்ணியாவையும் ஒரே லொறியில் ஏற்றினால் தூரத்தில் ஒன்றும் மிஞ்சாது, ஏனென்றால் எப்படியும் நகரத்தைக் கடந்துதான் போக வேண்டும். கடலும் களப்பும் சேர்ந்து இந்த மாவட்டத்தை நகரத்தில் முடிச்சுப் போட்டிருக்கின்றன. ‘வடக்குப் பக்கம் ஒரு லொறி, தெற்குப் பக்கம் ஒரு லொறி’ என்று நம் முதலாளிமார் காலம் காலமாகச் செய்துவருவதற்குக் கணக்கு தரும் ஆதாரம் அந்தப் பூச்சியம்தான்.

மிச்சங்களைப் பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்கி, லொறி கொள்ளும்வரை சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் முறை. மேலே சொன்ன மூன்றையும் சேர்த்தால் மூன்று பயணங்கள்: 80, 70, 70. மொத்தம் 220. அடுத்து கிண்ணியா, தம்பலகாமம் இடையே 15 கிலோமீற்றர் வீதி ஒன்று இருந்தால் அதிலும் 30 மிஞ்சும். பெரிய லொறி என்றால் நகரம், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், நகரம் என்று ஒரே சுற்று 120 கிலோமீற்றரில் முடிகிறது; மொத்தம் 190க்கு இறங்குகிறது. சின்ன லொறி என்றால் 220லேயே நிற்க வேண்டும். பெரிய லொறி வாங்குவதா, இருக்கும் ‘பட்டா’ என்ற சின்ன லொறியை இரண்டு தரம் ஓட்டுவதா என்ற கேள்விக்கும் இதே கொப்பி பதில் சொல்லும்.

340க்கும் 220க்கும் உள்ள வித்தியாசம் 120 கிலோமீற்றர். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் லொறி என்றால் 20 லீற்றர் டீசல். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனபோது அது ஒரு நாளைக்கு 9,200 ரூபா. அடுத்த மாதம் கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஆனபோது காசு இருந்தும் ஓட முடியாத நிலை. அந்த மாதங்களில் சின்ன வியாபாரிகள் பலர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தக் கணக்கைப் போட்டார்கள்: இரண்டு கடைக்காரர் சேர்ந்து ஒரே வாகனத்தில் சாமான் இறக்கினார்கள், வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓடர் எடுத்தார்கள்.

கிடைத்த பாதையை மெருகேற்றும் முறைகள் நிறைய உண்டு. பாதையில் இரண்டு துண்டுகளை வெட்டி, மாற்றி ஒட்டிப் பார்த்து, குறைந்தால் வைத்துக்கொள்வது ஒன்று. க்ரோஸ் என்பவர் 1958இல் சொன்னது. இன்றைய நல்ல மென்பொருள்கள் விடையின் ஒரு பகுதியைக் கலைத்துவிட்டு, எடுத்த கடைகளை வேறு இடங்களில் செருகிப் பார்க்கும். ஆயிரக்கணக்கான தரம், அலுக்காமல். கூகிளின் ‘ஓஆர்-டூல்ஸ்’ இலவசம், ‘ஓபன் ஸ்ட்ரீட் மேப்’ வரைபடமும் இலவசம். ஒரு பல்கலைக்கழக மாணவர் இரண்டையும் இணைத்து ஒரு கடைக்கு வேண்டியதைச் செய்துவிடலாம்.

ஆனால் தூரம் மட்டும் போதாது. நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் ‘இத்தனை மணிக்குள் வர வேண்டும்’ என்ற எல்லையைச் சேர்த்த கணக்குகளுக்கு 1987இல் மரியஸ் சொலமன் உருவாக்கிய சோதனைத் தொகுப்பை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் எல்லாம் எண்கள். நம் மாவட்டத்தில் அந்த எண்களுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடை பூட்டியிருக்கும்; பதினொன்றரைக்குள் இறக்காத லொறி இரண்டு மணிவரை நிழல் தேட வேண்டியதுதான். பத்திரகாளி அம்மன் கோயில் தேர் நாளில் நகரத்துக்குள் லொறியைக் கொண்டுபோக நினைப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். மீன் கூலர் காலையில் ஏலம் முடிந்து, ஐஸ் போட்டு, கொழும்பு நோக்கிப் புறப்பட்டால் ஐஸ்தான் கடிகாரம். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் யானை வீதிக்கு வரும் என்பதால் வேகம் குறைய வேண்டும்; அதே வீதி பகலில் வேறு எண், இரவில் வேறு எண்.

இவையெல்லாம் எங்கே எழுதியிருக்கின்றன? சாரதிகளின் தலைக்குள். எந்தக் கடைக்கு முன்னால் பின்பக்கமாகத்தான் போக முடியும், எந்த ஒழுங்கையில் லொறி திரும்பாது, எந்த முதலாளி மதியத்துக்குப் பிறகுதான் காசு தருவார் என்று அவர்களுக்குத் தெரியும். பெரிய கம்பனிகள் இதை மெதுவாகத்தான் உணர்ந்தன. 2021இல் அமேசனும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தன. கேட்டது குறுகிய பாதையை அல்ல. அனுபவமுள்ள சாரதிகள் உண்மையில் ஓடிய பாதைகளைக் கொடுத்து, அவர்கள் எந்த ஒழுங்கில் போவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். மென்பொருள் தந்த பாதையைச் சாரதிகள் மாற்றி ஓடுவது பிழை அல்ல, அதில் மென்பொருள் அறியாத ஏதோ இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட போட்டி அது. வென்ற குழு, சாரதிகள் ஒரு பகுதியை முடித்து எந்தப் பகுதிக்குப் போகிறார்கள் என்பதைத் தரவிலிருந்து விதிகளாக எடுத்து, அந்த விதிகளோடு பழைய தேடல் முறையை ஓட்டியது. இங்கே ஒரு விநியோகக் கம்பனி தொடங்க வேண்டிய இடமும் அதுதான்: சாரதியை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு கடைக்கும் எத்தனை மணிக்குப் போகலாம், சாமான் இறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டு எழுத வேண்டும்.

இடையில் ஒரு சின்னக் கிளைவழி. பின்னேரத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோவுக்கும், நகரத்தின் குப்பை வண்டிக்கும் இடங்கள் முக்கியமில்லை, ஒழுங்கைகள்தான் முக்கியம். ஒவ்வொரு வீதியிலும் ஒரு தரமாவது போக வேண்டும், போன வீதியில் திரும்பப் போவது குறைய வேண்டும். சீனக் கணிதர் குவான் மெய்கு 1960 அளவில் தபால்காரருக்காக எழுப்பிய கேள்வி இது. கடைகளைச் சுற்றும் கணக்கைப் போலவே தோன்றினாலும் இதற்கு வேகமான, முழுமையான தீர்வு உண்டு. ஒற்றைப்படை எண்ணிக்கையில் வீதிகள் சேரும் சந்திகளை மட்டும் கண்டுபிடித்து, அவற்றைச் சோடி சோடியாகக் குறைந்த செலவில் இணைத்தால் போதும். முட்டுச்சந்து ஒவ்வொன்றும் அப்படி ஒரு ஒற்றைச் சந்தி. கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் ஏன் வண்டி இவ்வளவு திரும்பத் திரும்ப ஓடுகிறது என்பதற்கு அதுவே காரணம். குப்பை வண்டி நிறைந்துவிடும் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தால் இதுவும் கடினமான கணக்காகிவிடும்.

மீண்டும் அட்டவணைக்கு. அதில் இருக்கும் ஒரு வீதி திடீரென்று இல்லாமல் போனால்? 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். ஒரு பாலத்தைக் கழற்றும்போது எத்தனை பேரின் அன்றாடப் பயணம் எவ்வளவு நீளும், அவர்கள் அந்தச் சுற்றுவழியைப் போவார்களா அல்லது ஆபத்தான குறுக்குவழியைத் தேடுவார்களா என்பதை வேலை தொடங்கும் முன்பே கணக்கிட முடியும். அதற்குத் தேவையானது சாதாரண குறும்பாதைக் கணக்கு. டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டது, கைத்தொலைபேசி வரைபடங்கள் வழிகாட்டப் போடும் கணக்கும் அந்த வகைதான். இந்த ஊரில் யாரும் அதை ஆராய்ச்சி என்று நினைத்து ஒதுக்கக் கூடாது.

மாரிகாலத்திலும் இதே நிலைதான். மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் வீதிகள் தண்ணீருக்குள் போகும். ஆகவே ஒரே அட்டவணையை வருடம் முழுக்க வைத்திருக்க முடியாது. நவம்பரிலிருந்து ஜனவரிவரை ஓடுவதற்கு இன்னொன்று வேண்டும், வீதி மூடினால் எந்தக் கட்டங்கள் மாறும் என்ற குறிப்போடு.

அந்த இரண்டாவது அட்டவணையில்தான் கவனமாக இருக்க வேண்டிய ஓர் எண் வருகிறது. எல்லா இடத்துக்கும் போக முடியாத நாளில் மென்பொருள் சில இடங்களை விட்டுவிடும். எதை விடலாம் என்று அதற்குச் சொல்வதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அபராதம் குறிப்போம்: இந்த இடத்தை விட்டால் இத்தனை கிலோமீற்றர் ஓடியதற்குச் சமமான நட்டம் என்று. அபராதம் எல்லோருக்கும் ஒரே அளவு என்று விட்டால், கணக்கு முதலில் கழிப்பது வெருகலையும் ஈச்சிலம்பற்றையும் கோமரங்கடவலையையும்தான். அவை தூரத்தில் இருக்கின்றன. அங்கே போகாவிட்டால் மிச்சம் அதிகம். பிஸ்கற் லொறிக்கு அது பரவாயில்லை, அடுத்த நாள் போகலாம். மருந்து லொறிக்கு, குடிதண்ணீர் பவுசருக்கு அப்படி விட முடியாது. அவற்றின் கணக்கில் ஒவ்வோர் ஊருக்குமான அபராதத்தை, மழைக்கால அட்டவணையில் இருக்கும் ஆக நீளமான சுற்றுவழியின் போய்வரும் தூரத்தைவிடப் பெரிதாக வைக்க வேண்டும். மூடிய வீதிகளால் அந்தச் சுற்றுவழி நீளும்போது அந்த எண்ணையும் சேர்த்து உயர்த்த வேண்டும்.